எருமை ஊர், கோழிச் சிறகு

கோழிக்கு ஒழுங்காகப் பறக்கத் தெரியாது. அதன் இறக்கையை மட்டும் அமெரிக்காவின் பஃபலோ நகரம் உலகமெங்கும் பறக்கவிட்டது. 1964-இல் அங்குள்ள ஆங்கர் பாரில் தெரசா பெலிசிமோ, சூப்புக்குப் போகவேண்டிய இறக்கைகளைப் பொரித்து, காரச் சாஸில் புரட்டிக் கொடுத்தாராம். இல்லையில்லை, அதே ஊர் ஜான் யங்தான் முன்னோடி என்கிறது எதிர்க்கட்சி; அவருடையது மாவில் தோய்த்த முழு இறக்கை, மம்போ சாஸோடு. 1977-இல் நகர நிர்வாகம் ஜூலை 29-ஐ இறக்கை தினமாகவே அறிவித்தது. முன்னோடி யார் என்ற வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை.

எந்தக் கடை சிறந்தது என்று உள்ளூர்க்காரரைக் கேட்டால், தன் தெருமுனைக் கடையைத்தான் காட்டுவார். தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ் சாஸ் இருக்க, ரான்ச் சாஸ் கேட்டீர்களோ, பந்தியில் பாதியில் எழுந்தவரைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. இத்தனைக்கும் எலும்பில் இருப்பது இரண்டு கடி.