குட்டி ரோஜாவின் பெரும்பசி

கேள்வி: கடையில் பூத்துக் குலுங்கிய மினியேச்சர் ரோஜா, எங்கள் வரவேற்பறைக்கு வந்த ஒரே மாதத்தில் மொட்டையாகிவிட்டதே, ஏன்?

பதில்: உருவம்தான் குட்டி, வெயில் பசியில் அது தோட்டத்து ரோஜாவுக்குச் சளைத்ததல்ல. சீன ரோஜாவின் குள்ள வகை ஒன்று சுவிட்சர்லாந்தில் ஜன்னல் தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்டெடுத்துத்தான் 20ஆம் நூற்றாண்டில் இந்த வம்சத்தைப் பெருக்கினார்கள். ஜன்னல் என்பதைக் கவனியுங்கள். சோபா ஓரம் அல்ல! தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும். ‘கடையில் நிழலில்தானே பூத்திருந்தது?’ என்பீர்கள். அந்தப் பூக்கள் பசுமைக்குடிலில் வாங்கிய வெளிச்சத்தின் சேமிப்பு. உங்கள் வீட்டில் வரவு நின்று செலவு மட்டும் நடந்திருக்கிறது. ‘தண்ணீர் தவறாமல் ஊற்றினேனே?’ என்றால், சிக்கலே அங்கேதான். வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். மிச்சம் வேரை அழுக வைக்கும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும்.

வெயிலே வராத வீடு என்றால் வளர்ப்பு விளக்கைச் செடிக்கு நெருக்கமாக வைத்து, தினம் 12 மணி நேரமாவது எரிய விடுங்கள். ஏசி அறையின் வறண்ட காற்று சிவப்புச் சிலந்திப் பேனுக்குக் கொண்டாட்டம். ஆகவே இலைகளின் அடிப்புறத்தில் வாரம் ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சுங்கள். குச்சிகளைக் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் இன்றே ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள்.