வாடிக்கையாளரைக் கேட்காமலே அவர் தேவையைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுத் தொழில் தொடங்கும் ஜொகூர்த் தம்பி தங்கைகளே! உங்கள் செயலி யாருக்குத் தேவை என்று முதலீட்டாளர் கேட்பார். கீழே உள்ளபடி நடந்தால், 'எல்லாருக்கும்' என்று தைரியமாகச் சொல்லலாம்.

1. சொந்தக்காரர்களிடம் மட்டும் கேளுங்கள்.
தே தாரேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அத்தை, இப்படி ஒரு ஆப் வந்தா நல்லாயிருக்கும்ல?" என்று கேட்க வேண்டும். "நல்லாயிருக்கும்யா" என்பார். வாடிக்கையாளர் ஒருவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். "இந்த வேலையை இப்போ எப்படிச் சமாளிக்கிறீங்க? மாசம் எவ்வளவு வெள்ளி போகுது?" என்று வாய்தவறியும் கேட்காதீர்கள். "அப்படி ஒரு வேலையே எனக்கு இல்லியே" என்று சொல்லித் தொலைப்பார்.

2. விற்றுவிட்டால் தேவை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
கேலாங் பாத்தா பக்கம் கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டியைப் பாருங்கள். 10,000 கோடி அமெரிக்க டாலர் திட்டம். 7 லட்சம் பேர் வாழ வேண்டிய ஊர். சீனாவிலிருந்து வந்தவர்கள், மாதிரி வீட்டைப் பார்த்து வாங்கவும் செய்தார்கள். 'குடிவருவீர்களா?' என்று அவர்களைக் கேட்பது மரியாதையா? 2017 வாக்கில், வெளிநாட்டுக்குப் பணம் போகும் வழியைச் சீனா இறுக்கியது. 2023-இல் அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 9,000 பேர்தான் என்று செய்தி வந்தது.

3. விடியுமுன் ஜொகூர் பாலத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.
தினம் 3 லட்சம் பேருக்கு மேல் கடக்கும் பாலம் அது. ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி, கடப்பிதழைக் கழுத்துப் பையில் தொங்கவிட்டு, நாசி லெமாக் பொட்டலத்தை மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டிக்கொண்டு, சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர் குடிநுழைவு வரிசையில் நிற்பார். தூக்கத்தை விற்று நேரம் வாங்குகிறவர். அவரிடம் பத்து நிமிடம் பேசினால், அவருக்கு வேண்டியது உங்கள் செயலி அல்ல, வேறொன்று என்று தெரிந்துபோகும். அடித்து வைத்த பெயரட்டைகளை என்ன செய்வது?

4. ஆள் வராவிட்டால் பொருளைத் தொடாதீர்கள், பெயர்ப்பலகையை மாற்றுங்கள்.
ஃபாரஸ்ட் சிட்டி சிறப்பு நிதி மண்டலம் ஆகும் என்று 2023-இல் பிரதமர் அறிவித்தார். மறு ஆண்டு, அங்கே வரும் பணக்காரக் குடும்பங்களின் முதலீட்டு அலுவலகங்களுக்கு 0 விழுக்காடு வரி என்றார்கள். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்காது. செயலியின் பெயருக்குப் பின்னால் '2.0' என்று ஒட்டிக்கொண்டு, அடுத்த முதலீட்டாளரைத் தேடுங்கள்.