மப்ளர் அண்ணாச்சி

மாசி மாதம் விடியற்காலையில் தென்காசி ரத வீதிப் பக்கம் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் ஒரு மூட்டை உட்கார்ந்திருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளே அண்ணாச்சி இருப்பார். குரங்குக் குல்லா, அதற்கு மேல் மப்ளர், காதில் பஞ்சு. வெளியே தெரிவது மூக்கு மட்டும்தான். அதிலும் தைலம் பளபளக்கும்.

"நேத்தைக்கு இன்னைக்குப் பனி ரெண்டு பிடி கூட வே!"

அவரிடம் பனிக்கு அளவு பிடிக் கணக்குதான். கெடுவும் வைத்திருப்பார். பொங்கல் கழிந்தால் குறையும் என்றார். அப்புறம் தைப்பூசம் என்றார். இப்போது விசுவநாதர் கோயில் மாசி மகத் தேர் நிலைக்கு வரட்டும் என்கிறார். சிவராத்திரியோடு பனி 'சிவ சிவா' என்று ஓடிவிடும் என்பது ஊர்ப் பேச்சு. இரண்டில் எந்த வருஷம் எது பிந்தி வருகிறதோ, அதுதான் அண்ணாச்சிக்குக் கடைசிக் கெடு.

அமெரிக்காவில் பங்ஸடானி என்ற சிற்றூரில் 1887 முதல் பிப்ரவரி 2 அன்று அணில் சாதிப் பிராணி ஒன்றிடம் குறி கேட்கிறார்கள். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் இருக்குமாம். தென்காசிக்கு அந்தச் செலவில்லை. அண்ணாச்சி நடைவாசல் வரை வந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினால் போதும், தெருவுக்கே சேதி தெரிந்துவிடும்.

அப்படி ஒன்றும் உறைகிற குளிரில்லை. மேகமில்லாத வானம்; தரை பகலில் வாங்கிய சூட்டை ராவோடு ராவாகப் பறிகொடுத்துவிடுகிறது. காலையில் வெயில் ஏறினால் தீர்ந்தது. ஊட்டியில் புல் மேல் உறைபனியே படிகிறதே என்று சொல்லிப் பாருங்கள்.

"ஊட்டிக்காரனுக்கு அது பழக்கம் வே. நம்ம உடம்பு அப்படியா?"

இதே உடம்பை ஆடியில் பார்க்க வேண்டும். தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து சாரல் தூவுகையில், எண்ணெய் வழிய வழிய, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு ஐந்தருவியில் முதல் ஆளாக நிற்பார். பல் தந்தியடிக்கக் கரையில் நிற்கும் மதுரைக்காரரைப் பார்த்து, "இதுக்கே நடுங்குதீரே! இது குளிரா வே? மருந்து! தலையைக் கொடும்!" என்பார். அருவி விழுந்த அதே தலையில் மாசி மாதம் ஒரு சொம்பு பச்சைத் தண்ணி படக்கூடாது. வெந்நீர் கொதிக்காமல் குளியலறைக் கதவே திறக்காது.

எனக்கென்னவோ காரணம் உடம்பில் இல்லை என்றுதான் படுகிறது. சாரல் குளிரென்றால் லாட்ஜ் நிறையும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்குக் கூலி கிடைக்கும், மங்குஸ்தான் விற்கும், பிரானூர் பார்டரில் புரோட்டாக் கல் ஆறாது. மாசிப் பனியைப் பார்க்க எவன் பஸ் ஏறி வருகிறான்? வெளியூர்க்காரன் முன்னால் காட்டிக்கொள்ள முடியாத குளிரை வைத்துக்கொண்டு அண்ணாச்சி என்ன செய்வார், பாவம்!

பங்குனி பிறந்து ஒரு வாரம் போகாது. எலக்ட்ரீசியன் வீட்டு வாசலில் விசிறிக்கொண்டு நிற்பார்.

"வெக்கை கொல்லுது தம்பி! பேன் சுத்தவே மாட்டேங்கு. வந்து என்னான்னு பாரு."

"பேரப்புள்ளைய பேனைப் போட்டுருதுன்னு நீங்கதான அண்ணாச்சி போன மாசம் கண்டன்சரைக் கழட்டச் சொன்னீய?"

"மாட்டச் சொல்லலையாக்கும்?"