லைட் போயிடும் சார்!

ப்ரீ வெட்டிங் ஷூட் எடுக்கும் தம்பிகளில் ஒரு வகை உண்டு. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டால் நேரடியாக மணி சொல்ல மாட்டார். செல்போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடிப்பார். சூரியன் எங்கே, எப்போது இறங்கும் என்று திரையில் ஒரு வளைகோடு ஓடும். "5.40-க்கு சன்செட். அப்படின்னா நீங்க நாலு மணிக்கு ஸ்பாட்ல இருக்கணும்" என்பார். வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கமும் அஸ்தமன நேரத்தைச் சொல்லும்தான். அதை அவரிடம் சொன்னால் முகம் வாடிவிடும்.

கறுப்பு டீ-ஷர்ட், பை பையாகத் தைத்த பேன்ட், தோளில் லென்ஸ் துடைக்கும் துணி. மணப்பெண் இரண்டு மணி நேரம் மேக்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். "சூப்பரா இருக்கு மேடம்" என்பார். அவள் வெட்கப்பட்டு முடிப்பதற்குள், "லைட்டைச் சொன்னேன்" என்பார்.

அவருக்கு வாழ்க்கையில் இரண்டே பொழுதுகள். ஒன்று கோல்டன் ஹவர், மற்றது வீண். சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்துக்கு இறங்கியதும் பொன்வேளை தொடங்கும். வெளிச்சம் காற்றில் நெடுந்தூரம் வரவேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும்தான் முகத்தில் வந்து விழும். பருவும் கருவளையமும் அடங்கிவிடும். ஆனால் பெயரில் இருக்கும் 'ஹவர்' நம் ஊரில் கிடையாது. லண்டனில் சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்குவதால் நாற்பது, ஐம்பது நிமிஷம் தேறும். சென்னையில் தொபுக்கடீர் என்று நெட்டுக்குத்தாக விழும். 25 நிமிஷம் சொச்சம்தான். இதற்காகத்தான் மனிதர் நாலு மணியிலிருந்தே "லைட் போயிடும், லைட் போயிடும்" என்று அலறிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த சிக்கல் திசை. சூரியன் கடலுக்குள் இறங்குவதுபோல் ஒரு படம் வேண்டும் என்று எல்லா ஜோடியும் கேட்கும். சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் மறைவது சவுக்குத் தோப்புக்கும் பஜ்ஜிக் கடைக்கும் பின்னால். "அதுக்குக் கன்னியாகுமரி போகணும் மேடம். அங்கயும் கோடையில கரைப் பக்கம்தான் இறங்கும்" என்று பொறுமையாக விளக்குவார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொறுமை உண்டு.

அவருடைய உதவிப் பையன் தனிப் பிறவி. மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் மணலில் குந்தியிருப்பான். "ரெடி, போடு!" என்றதும் பன்னிரண்டு முழத் தாவணித் தலைப்பைக் காற்றில் வீசிவிட்டு, படத்தில் விழாமல் தவளைபோல் தாவி ஓட வேண்டும். கை தப்பினால் தலைப்பு மாப்பிள்ளை முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சரியாக விழுந்த சமயத்தில் குதிரைக்காரர் குறுக்கே வருவார். மறுபடி குந்து, மறுபடி வீசு.

ஜோடி இரண்டுமே ஐடி கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை விட்டால் நாள் கிடையாது. போன நவம்பரில் எங்கள் உறவில் நடந்த ஷூட்டுக்குத் தாய்மாமாவும் பாட்டியும் காவலுக்குப் போயிருந்தார்கள்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம். தெரியுமா?" என்றார் மாமா.

"சார், அதுதான் சார் கோல்டன் ஹவர்!"

இருவர் சொன்னதும் சரி. பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால் ஞாயிறன்று கடைசிப் பங்கு ராகுவுக்கு. பொன்வேளையும் அந்தப் பங்கின் வாலில்தான் வருகிறது. கேமராக்காரரும் ராகுவும் ஒரே இடத்துக்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு வழியா தெரியாது? "நாலு இருபதுக்கே ஒரு படம் எடுத்துடுங்க. ஆரம்பிச்சது நல்ல நேரத்துல ஆச்சு, மத்ததை அப்புறம் தொடரலாம்" என்றார் மாமா. உச்சி வெயிலுக்குச் சற்றே தேவலாம் என்ற வெளிச்சத்தில், கண் கூச நின்ற ஜோடியை வேண்டாவெறுப்பாக ஒரு படம் எடுத்தார் தம்பி.

அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் சுண்டல் தின்றுகொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்கினாள்.

"மூணுலேர்ந்து நாலரை குளிகைடா. குளிகையில செஞ்சா அது திரும்ப நடக்கும். கல்யாணக் காரியத்துக்கு ஆகாது."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "ஐயோ, ரெண்டாங் கல்யாணமா?"

"ஷூட்தான் பாட்டி திரும்ப நடக்கும், கல்யாணம் இல்ல" என்று சமாளித்துவிட்டு ரிஃப்ளெக்டரை விரிக்கச் சொன்னார் தம்பி. வெள்ளித் தகடுபோன்ற அந்த வட்டத்தைக் கடற்காற்று பிடுங்க, பையன் அதோடு பத்தடி பறந்தான். திரும்பி வந்து நிற்பதற்கும் மேற்கே வடகிழக்குப் பருவமழையின் கருமேகம் சூரியனை மூடுவதற்கும் சரியாக இருந்தது. மணி 5.15.

செயலி அப்போதும் திரையில் மஞ்சள் கோடு காட்டிக்கொண்டிருந்தது. மேகம் அதன் கணக்கில் இல்லை.

"வர்ற ஞாயிறு இதே டைம் வச்சுக்கலாம் சார்" என்றார் தம்பி. "ரீ-ஷூட்டுக்குத் தனி பேமென்ட்."

பாட்டி மடியிலிருந்த மீதிச் சுண்டலை அவரிடம் நீட்டினாள்.