33ஆம் பிரிவுக்கு ஒரு தண்டப்பண அறிவித்தல்

கினிகத்தேனை

மேன்மை தங்கிய 33ஆம் பிரிவு அவர்களுக்கு,

பிரதேச சபைகள் சட்டம், 1987இன் 15ஆம் இலக்கம் என்று உங்களுக்கு அச்சிட்ட விலாசமே இருக்கிறது. கொடுத்து வைத்தவர். எங்கள் லயத்துக்கு அது கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, கிளாக்கர் ஐயாவுக்கு ஞாபகம் வரும்போது கீழே இறங்கும்.

தோட்டம் தனியார் இடம், சபைப் பணம் உள்ளே போகக் கூடாது என்று உங்களைக் காட்டியே ரோட்டையும் தண்ணியையும் நிறுத்தி வைத்தார்கள். வோட்டு மட்டும் தடையில்லாமல் வெளியே போய் வந்தது. பொது நூலகம் சபையின் பொறுப்பு. ஆகவே புத்தகமும் வாசலோடு நின்றது. வாசிகசாலை ஒன்றைத் தேடிப்போனால், மதிப்பீட்டு வரி கட்டுகிறவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். லயத்துக்கு ஏது வரி?

அதனால் நாங்களே ஒரு வேலை பார்த்தோம். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது மடுவத்தில் புத்தகம் அடைத்த ஒரு உர பேக் வந்து உட்காரும். அம்மாமார் தராசுக்கு வரிசையில் நிற்க, பிள்ளைகள் பேக்கைக் கிளறுவார்கள். சனிக்கிழமை அது அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும், அங்கிருந்து இன்னொன்று இங்கே வரும். சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களுக்குத்தான் அடிபிடி. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' பழைய அட்டை போய், படங்குத் துண்டில் தைத்த அட்டையோடு சுற்றுகிறது. (தலைப்பைக் கவனித்தீர்களா?) இந்த ஊர் மழையில் தாள் ஊறி ஒட்டிக்கொள்ளும், அடுப்புக்கு மேலே காயப்போடுவோம். அதனால் எல்லாப் புத்தகத்திலும் புகை வாசம். பிணைக்கு அம்மா பெயரைச் சொன்னால் போதும்.

தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் அந்தக் காலத்தில் புடவை வியாபாரி வேடம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார். எங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. பேக்கைப் பார்த்தவர்கள் உரம் என்றே நினைக்கிறார்கள்.

2018இல் உங்களைத் திருத்திவிட்டார்களாமே, சந்தோஷம். இனி சபை தோட்டத்துக்கும் செலவழிக்கலாம், தோட்ட நிர்வாகத்தோடு பேசிக்கொண்டு. அந்த வால்தான் உங்கள் கைவண்ணம். புத்தகம் வைக்க ஒரு கொட்டில் கேட்டால் சபை துரையைக் கை காட்டும், துரை கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனியோ காணி அரசாங்கத்துடையது, நாங்கள் வெறும் குத்தகைக்காரர் என்று கும்பிடு போடும். அரசாங்கத்தைக் கேட்டால் சபையிடம் போகச் சொல்லும். நல்ல உடற்பயிற்சி, மலை ஏறுகிற கால்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் இருக்கிற ஒரே சட்டம், புத்தகம் பிந்தினால் நாளைக்கு ஒரு ரூபாய். எங்கள் பங்கு நூலகத்தை நீங்கள் 1987இல் எடுத்து 2018 வரை வைத்திருந்தீர்கள். 31 வருஷத்துக்கு 11,315 ரூபாய். லீப் வருஷ நாட்களைத் தள்ளுபடி செய்திருக்கிறோம், வட்டியும் போடவில்லை. காசைத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டாம், நேரே மடுவத்துக்கு வந்து கட்டுங்கள். கட்டிய கையோடு நீங்களும் அங்கத்தவராகலாம். ஆனால் உங்களுக்கு மட்டும் பிணை வேண்டும். வரி கட்டுகிற ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
உர பேக் பொறுப்பாளர்,
கீழ் டிவிஷன்