மெத்தென்று இறங்கும் பிரேக் பெடல்: வகைப்பாடும் காற்று நீக்கமும்

ஆய்வின் தேவை: காரின் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனால் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் உடனே கிடைக்கும் தீர்ப்பு, "ஏர் புடிச்சிருக்கு சார்." தீர்ப்பு பெரும்பாலும் சரிதான். ஆனால் விசாரணையே இல்லாமல் வழங்கப்படுவதால், அதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுவருகிறது இக்கட்டுரை.

முன்னோர் ஆய்வு: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிளேஸ் பாஸ்கல் எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் அச்சேறியது. அந்தத் தத்துவம் காரின் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர, 1921-இல் திரவ பிரேக்கோடு டியூசன்பெர்க் மாடல் ஏ என்ற கார் வரவேண்டியிருந்தது. அதுவரை கம்பியும் கேபிளுமே பிரேக்கை இழுத்தன. கம்பிக்குள் காற்று புகாது. ஆகவே இந்த ஆய்வுத் துறைக்கும் அப்போது வழியில்லை. திரவம் அநேகமாக அமுங்காது, காற்று நன்றாக அமுங்கும். குழாயில் குமிழி இருந்தால், பெடல் நகரும் தூரத்தில் ஒரு பங்கு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது.

வகைப்பாடு: ஆய்வுக் கருவி, ஓட்டுநரின் வலது கால்.

முதல் வகையில் பெடல் மெத்தென்று இறங்கும். விட்டுவிட்டு நாலைந்து முறை மிதித்தால் எழும்பிக் கெட்டிப்படும். இது காற்று. இரண்டாம் வகையில் பெடல் மெத்தென்று இராது, ஆனால் வெகு கீழே போய்த்தான் பிடிக்கும். பின்சக்கர டிரம்முக்கும் தேய்ந்த ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். ஷூவைச் சரிசெய்யாமல் எவ்வளவு காற்று எடுத்தாலும் பயனில்லை. மூன்றாம் வகையில் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது நழுவி இறங்கிக்கொண்டிருக்கும். எங்காவது ஒழுகுகிறது, அல்லது பெடல் மிதியில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

நான்காவது வகை மலைவாசி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரமேறியதற்கு அதே விதி 140 டிகிரியோடு திருப்திப்படுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்குபவர், பழைய ஆயிலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடக் கூடும். ஆவியும் காற்றைப்போல் அமுங்குவதால் பெடல் மெத்தென்று இறங்கும். அடிவாரத்தில் ஆறியதும் பெடல் பழையபடி எழுந்துவிடும். மெக்கானிக் முன்னால் நோயாளி பூரண குணத்தோடு நிற்பார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் காலடியில் பெடல் கொஞ்சம் இறங்குவதை நோயாகக் கொள்வாரும் உளர். அது மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் உயிரோடு இருப்பதன் அறிகுறி. மறுக்கப்பட்டது.

முறையியல்: காற்று எடுக்க வேண்டியவை ஒரு ஸ்பேனர், உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டில், இரண்டு மனிதர்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலிருக்கும் சக்கரத்தில் தொடங்குவது மரபு. நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் அது பெரும்பாலும் பின் இடது. பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்த கார்களில் வரிசை மாறும் என்பதால் தயாரிப்பாளரின் கையேடே பிரமாணம்.

இனி உரையாடல். சக்கரத்தருகே குந்தியிருப்பவர், "அடி தம்பி... அடி... அடி... புடிச்சுக்கோ" என்பார். உள்ளிருந்து, "புடிச்சிருக்கேண்ணே" என்று பதில் வரும். சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிள் திறக்கும், குமிழியும் ஆயிலும் குழாயில் ஓடும், பெடல் தரைக்குப் போகும். பெடல் திடீரென்று சரிவதால் வெருண்டு தம்பி காலை எடுத்தால், வெளியேறிய காற்று சுமந்து சென்ற ஆயிலோடு திரும்பி வந்துவிடும். நிப்பிளை இறுக்கிய பிறகே "விடு" ஒலிக்க வேண்டும், அதன் பிறகே கால் எழ வேண்டும். காற்று நீக்கம் தோற்குமிடங்களில் ஸ்பேனரைவிட இந்த மூன்று ஏவல் வினைகளின் வரிசையே அதிகம் குற்றவாளி என்பது இவ்வாய்வின் கருதுகோள். மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் ஆயில் வற்றிப்போவதைக் கவனிக்காத அண்ணன் இரண்டாம் குற்றவாளி. அவர் பழைய காற்றை எடுத்துவிட்டுப் புதிய காற்றை ஏற்றுகிறார்.

விதிவிலக்குகள்: இடது காலிப்பரை வலத்திலும் வலதை இடத்திலும் மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். காற்றோ மேலே தங்கும். லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றினாலும் பெடல் மெத்தென்றே இருக்கும். ஏபிஎஸ் பிளாக்கினுள் காற்று புகுந்தால், பல கார்களில் ஸ்கேனரைச் செருகி உள்ளேயுள்ள வால்வுகளைத் திறக்கவைக்க வேண்டும். சிந்திய ஆயில் பெயின்ட்டைத் தின்னும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுக.

ஆய்வின் எல்லை: நிப்பிளில் வேக்குவம் பம்ப்பை மாட்டி ஒரே ஆள் காற்றெடுக்கும் முறையும் உண்டு. அதில் தம்பியும் இல்லை, "புடிச்சுக்கோ"வும் இல்லை. தரவு கிடைக்காத காரணத்தால் அம்முறை இங்கே ஆராயப்படவில்லை.