சதுரங்கத்துக்கு 5, பிளேஸ்டேஷனுக்கு 18: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பில் போடுபவன், ஒரு பனியன் கம்பெனி, உடுமலைப்பேட்டை, திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், ஜிஎஸ்டி கவுன்சில், புது தில்லி.

பொருள்: தீபாவளி போனஸில் கேம் ஆடக் கம்ப்யூட்டர் வாங்குவதா, பிளேஸ்டேஷன் வாங்குவதா – தெளிவுரை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 56-வது கூட்ட முடிவுகள், நாள் 3.9.2025. 2. என் அம்மாவின் வாய்மொழி உத்தரவு, நாள்தோறும்.



நான் பனியன் கம்பெனியில் பில் போடுகிறவன். 6109 என்றால் டி-சர்ட், 6107 என்றால் ஆம்பளை ஜட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு சரக்கு என்ன சரக்கு என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அதற்குரிய எச்எஸ்என் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற ஞானம் தங்களால் எனக்கு வாய்த்தது. ஆகவே, சொந்தக் காசில் ஒரு பொருள் வாங்க ஆசைப்பட்டதும் நான் யூடியூப் விமர்சனம் பார்க்கவில்லை. வரி அட்டவணையைத்தான் புரட்டினேன்.

ஆசைக்குக் காரணம் ராக்ஸ்டார் நிறுவனம். ஜிடிஏ ஆறாம் பாகம் 2026 நவம்பர் 19-இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் மட்டும்தான் தேதி சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் வழக்கம்போல் காத்திருக்க வேண்டும். ஐந்தாம் பாகம் 2013-இல் கன்சோலுக்கு வந்து, 2015-இல்தான் கம்ப்யூட்டருக்கு வந்தது. இன்னொரு பக்கம், அதே ஐந்தாம் பாகத்தை 2020 மே மாதம் எபிக் கடை கம்ப்யூட்டர்காரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. காத்திருந்தால் கம்ப்யூட்டர், காத்திருக்க முடியாவிட்டால் கன்சோல். இவ்வளவுதான் என் பிரச்சினை. இதைத் தாங்கள் எவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இந்த மனு.

கம்ப்யூட்டரின் எண் 8471. அது இயந்திரங்களின் அத்தியாயம். உள்ளே வரும்போது சுங்க வரி கிடையாது. கன்சோலின் எண் 9504. அது பொம்மைகள், விளையாட்டுச் சாமான்களின் அத்தியாயம். அந்தத் தலைப்பில் கன்சோலுக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்று பார்த்தேன். பொருட்காட்சி விளையாட்டுகள், பில்லியர்ட்ஸ், பவுலிங் சாதனங்கள், அப்புறம் சூதாட்ட விடுதி மேஜை. என் அம்மா இந்தப் பட்டியலைப் படித்ததில்லை. ஆனால் பிளேஸ்டேஷனைப் பற்றி அவர் சொல்வதும் தாங்கள் எழுதியிருப்பதும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுதான்.

2017-இல் ஜிஎஸ்டி தொடங்கியபோது கன்சோலுக்கு 28 சதவீதம் வைத்தீர்கள். 2018 டிசம்பர் 22-இல் கூடிய 31-வது கூட்டத்தில் மனமிரங்கி 18 ஆக்கினீர்கள். நன்றி. ஆனால் அதே 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் சுங்க வரி 10-லிருந்து 20 ஆகிவிட்டிருந்தது. 100 ரூபாய்க் கன்சோலுக்குச் சுங்கம் 20, அந்தச் சுங்கத்தின் மேல் சமூக நல மேல்வரி 2, மொத்தம் 122. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 143 ரூபாய் 96 பைசா. 100 ரூபாய்க் கம்ப்யூட்டர் 118 ரூபாயில் முடிந்துவிடுகிறது. இரண்டுக்குள்ளும் ஏஎம்டி சிப்பே இருந்தாலும், பிளேஸ்டேஷன் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சிப்புக்கு வயது குறைந்து குழந்தையாகிவிடுகிறது.

சுங்கம் தங்கள் இலாகா இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தங்கள் தலைவரே மத்திய நிதியமைச்சர் என்பதும் தெரியும். அந்த இறக்குமதி வரியை உயர்த்தியபோது உள்நாட்டுத் தொழிலைக் காக்க என்றார்கள். காக்கப்படும் அந்தக் கன்சோல் ஆலை எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால், பில் போடும் வேலைக்கு இன்றே விண்ணப்பித்துவிடுவேன். எங்கள் பனியனுக்கு அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் வரி போட்டபோது, அது கடைசியில் சட்டை வாங்கும் அமெரிக்கன் தலையில்தான் விழும் என்று நாடே அவர்களுக்குப் பொருளாதாரம் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்தின் ஒரு பிரதியை தில்லிக்குள்ளும் சுற்றுக்கு விடலாம்.

வெளிநாட்டிலும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 ஐரோப்பாவுக்குப் போனபோது, சோனி அதனோடு யாபேசிக் என்ற நிரல் எழுதும் மென்பொருளையும் வட்டில் போட்டுக் கொடுத்தது. நிரல் எழுதலாம் என்றால் அது கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றால் சுங்கம் கம்மி. 2001-இல் ஐரோப்பிய ஆணையம் இது வீடியோ கேம்தான் என்று ஒரு விதி போட்டது. சோனி வழக்குக்குப் போனது. 2003 செப்டம்பர் 30-இல் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. 2010-இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1,760 பிளேஸ்டேஷன் 3-களை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. நம் அட்டவணைப்படி அது 1,760 பொம்மை.

சரி, பொம்மை என்றே வைத்துக்கொள்வோம். அதே 9504-க்குள் சதுரங்கப் பலகையும் கேரம் போர்டும் சீட்டுக்கட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு 12 இருந்ததைத் தங்கள் 56-வது கூட்டத்தில் 5 ஆக்கினீர்கள். குகேஷ் உலக சாம்பியன் ஆன நாட்டில் சதுரங்கத்துக்கு 5 போட்டால் நான் ஏன் வருத்தப்படப் போகிறேன்? ஆனால் சீட்டுக்கட்டுக்கும் 5, எனக்கு 18 என்பது மட்டும் தொண்டையில் நிற்கிறது. சந்துக்குள் உட்கார்ந்து வெட்டுச்சீட்டு ஆடுகிறவனை விட, வீட்டில் உட்கார்ந்து கால்பந்து ஆடுகிறவன் எந்த வகையில் 13 சதவீதம் மோசமானவன்?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டம் கொண்டு வந்தது. காசு வைத்து ஆடுவதைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் தாங்கள் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கு 40 சதவீதம் என்றீர்கள். தடை செய்ததற்கு ஏன் வரி என்று நான் கேட்கவில்லை. பன்னுக்குள் க்ரீம் வைத்தால் வரி என்ன ஆகும் என்று கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடம் கேட்டு, பிறகு மன்னிப்புக் கேட்கும்படி ஆனதை நாங்கள் பார்த்தவர்கள்தானே. என் அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கேமெல்லாம் தடை பண்ணிப் போட்டாங்களாமா. அந்தப் பொட்டி வந்தா போலீசும் வருமாட்டிருக்குது" என்றார்.

இனி எங்கள் வீட்டுக் கவுன்சில். தங்கள் சபையில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று. அதாவது ஒன்றியம் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டிலும் அரசியல் சட்டம் இதேதான். நானும் அப்பாவும் தங்கச்சியும் கூடி எவ்வளவு ஓட்டுப் போட்டாலும் அம்மா தலையாட்ட வேண்டும். "ஏஞ்சாமி, அந்தக் காசுக்கு அரைப் பவுன் எடுத்து வெச்சாலும் நாளைக்கு ஆவும். இந்தப் பொட்டிய வெச்சு என்னத்தப் பண்ணுவ?" என்பது அம்மாவின் நிலைப்பாடு. கம்ப்யூட்டர் என்றால் மட்டும் முகம் மாறும். "டாலி போடலாமா அதுல?" என்று கணக்கு எழுதும் மென்பொருளைப் பற்றிக் கேட்பார். போடலாம் என்றதும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும்.

தமிழ்நாட்டில் கேம் ஆடிய வரலாறே இப்படித்தான். அரசு கொடுத்த இலவச டிவியில் மஞ்சள், சிவப்பு ஒயர் சொருகி மாரியோவும் கான்ட்ராவும் ஆடியது ஒரு காலம். அந்த டிவியில் எச்டிஎம்ஐ கிடையாது என்பதால் பிளேஸ்டேஷன் 5 அதைத் தீண்டாது. பிறகு 2011 செப்டம்பர் 15-இல் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் அறிவு பெறட்டும் என்பது நோக்கம். பிள்ளைகள் முதலில் பெற்றது ஜிடிஏ வைஸ் சிட்டி. பென் டிரைவில் அது ஊர் ஊராகப் போனது. ஒரு தலைமுறையே கேம் ஆடக் கற்றது அரசு மடிக்கணினியில்தான். யாரும் அதைப் பொம்மை என்று சொல்லவில்லை. அதற்குப் படிப்பு என்று பேர் இருந்தது. பட்ஜெட் குறைவாக இருக்கும் வீட்டில் விளையாட்டு பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். தங்கள் அட்டவணையும் அந்த ஏற்பாட்டைத்தான் சட்டமாக்கி வைத்திருக்கிறது.

கணக்கையும் வைக்கிறேன். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-இல் வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய். வயசானால் விலை குறையும் என்று காத்திருந்தேன், 54,990 ஆனது. புது கேம் ஒன்றே சில ஆயிரம் ரூபாய் போகிறது. ஆனால் டிஸ்க்கை ஆடி முடித்துப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். டிஸ்க் போடாத மாடலை வாங்கினால் அந்த வழியும் அடைபடும். காசு கொடுத்து வாங்கிய கேம்களில் பெரும்பாலானவற்றை ஆன்லைனில் ஆட மாதச் சந்தா தனி. கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா இல்லை; ஸ்டீம் 2015 முதல் ரூபாயில் விலை சொல்கிறது, தள்ளுபடியும் அடிக்கடி போடுகிறது. ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலையும் எகிறிவிட்டது. மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட்டை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரில் தினம் 2 மணி நேரம் ஆடினால் 60 நாளில் 36 யூனிட். 80 வாட் அளவில் ஓடும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் 10 யூனிட்டுக்குள் முடியும். ஊரைச் சுற்றி எத்தனை காற்றாலை சுற்றினாலும் எங்கள் மீட்டர் அதை விட வேகமாகத்தான் சுற்றும்.

ஆகவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளை மன்றாடி முன்வைக்கிறேன்.

ஒன்று, 9504-க்குள் குடியிருக்கும் எல்லோருக்கும் ஒரே வாடகை போடுங்கள். பலகையில் ராஜாவை மடக்கினாலும் திரையில் மடக்கினாலும் மடக்குவது மடக்குவதுதான்.

இரண்டு, அது கஷ்டம் என்றால் எங்கள் தொழிலுக்குச் செய்ததையாவது செய்யுங்கள். சட்டை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்று கோடு கிழித்தீர்கள். டிவிக்கு 2025 செப்டம்பர் வரை 32 இன்ச் என்று டேப் வைத்து அளந்தீர்கள். கன்சோலுக்கும் 50,000 ரூபாயில் ஒரு கோடு கிழியுங்கள். எங்கள் ஊருக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று பேர். அசல் கட்டுப்படியாகாவிட்டால் சின்னதில் திருப்திப்பட எங்களுக்குத் தெரியும். அந்தச் சின்னதற்காவது வழி விடுங்கள்.

மூன்று, இரண்டும் முடியாதென்றால், நாட்டில் விற்கும் ஒவ்வொரு கன்சோலிலும் டாலி ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். ஐரோப்பாவுக்கு யாபேசிக், உடுமலைக்கு டாலி. எண்ணும் 8471-க்கு மாறும், அம்மா மனசும் மாறும்.

தங்கள் பதில் வரும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போனஸ் கையில் வெகுநாள் நிற்காது. எனவே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஒன்றில் உழைத்து ஓய்ந்த பழைய கம்ப்யூட்டரும், யாரோ ஆடிச் சலித்த பழைய கிராபிக்ஸ் கார்டும் வாங்கப் போகிறேன். இரண்டையும் கடையில் இல்லை, தனி ஆளிடம், கைக்குக் கை காசு கொடுத்து. சுங்கம் 20, மேல்வரி 2, ஜிஎஸ்டி 18 என்று தாங்கள் அடுக்கிய எதிலும் என்னிடமிருந்து கஜானாவுக்கு ஒரு பைசா வராது. வரியைப் பாதியாக்கியிருந்தால் அந்தப் பாதியாவது வந்திருக்கும். இது பில் போடுகிற ஒருவனின் கணக்கு, சரிபார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
9504-இல் சேர நினைத்து 8471-இல் ஒதுங்கியவன்.

நகல்: 1. ஒன்றிய நிதியமைச்சகம், சுங்கப் பிரிவு – தகவலுக்காக. 2. என் அம்மா – தகவலுக்காகவும் தக்க ஆணைக்காகவும்.